யூபிட்எக்ஸ் ரிக்கில் அலைவரிசைப் பிழையைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் காலை நெட்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் கூடிப் பேசும் நேரத்தில், புதிதாக ஒருவர் வருகிறார். "ஓஎம், நீங்க 150 ஹெர்ட்ஸ் கீழே இருக்கீங்க" என்கிறார் நெட்டை நடத்துபவர் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்). அன்று மாலையே புதியவர் தன் ரிக்கின், அதாவது ரேடியோ பெட்டியின், மெனுவுக்குள் போய், பிஎஃப்ஓ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து, குரல் கொஞ்சம் நன்றாகக் கேட்கும்வரை குமிழைத் திருப்பிவிட்டு வருகிறார். மறுநாள் காலை அதே 150 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கிறது. கூடவே குரலும் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல ஆகியிருக்கிறது.

இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். அவர்கள் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்ல. எதை முதலில் தொட வேண்டும், எதை அப்புறம் தொட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுப் புதிய ஹாம்கள் பலரின் மேசையில் இருப்பது அது. திருப்புளி இல்லாமல், மெனுவில் இரண்டு எண்களை மாற்றியே அதைச் சரிசெய்துவிடலாம்.

1. இரண்டு பிழைகள், இரண்டும் வேறு

இந்த ரிக்கில் மூன்று ஆஸிலேட்டர்கள், அதாவது அலையைப் பிறப்பிக்கும் சுற்றுகள், உண்டு. மூன்றும் எஸ்ஐ5351 என்ற ஒரே சிப்பிலிருந்து வருகின்றன. அந்தச் சிப் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை நம்பி ஓடுகிறது. கிரிஸ்டல் சரியாக 25 இல்லாமல் சற்றுக் கூடவோ குறையவோ இருந்தால் மூன்றும் ஒரே விகிதத்தில் தவறும். டயல் காட்டும் எண்ணும் அதே விகிதத்தில் பொய்யாகும். இது கடிகாரப் பிழை.

விகிதம் என்பதைக் கவனியுங்கள். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை 7.1 மெகாஹெர்ட்ஸில் 142 ஹெர்ட்ஸ். அதே பிழை 14.2 இல் 284, 28.4 இல் 568. 40 மீட்டரில் "பரவாயில்லை" என்று விட்ட பிழை 10 மீட்டரில் யாரும் புரிந்துகொள்ள முடியாத குரலாக வந்து நிற்கும். 20 மீட்டரில் விஸ்பர் (மிகக் குறைந்த சக்தியில் தானாகச் செய்தி அனுப்பும் முறை) போட நினைத்தால் அங்கே எல்லோருக்கும் சேர்த்து மொத்த இடமே 200 ஹெர்ட்ஸ்தான். 284 ஹெர்ட்ஸ் தவறினால் நீங்கள் அந்தச் சன்னலுக்கு வெளியே.

பிஎஃப்ஓ வேறு விஷயம். அந்த மூன்று ஆஸிலேட்டர்களில் ஒன்று அது. ரிக்குக்குள் கிரிஸ்டல் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. பழைய பலகைகளில் அது 12 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும், ஐந்தாம் பதிப்பிலிருந்து 11.059 மெகாஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். அந்த ஃபில்டரின் விளிம்பிலிருந்து பிஎஃப்ஓ எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உங்கள் குரலில் எந்தப் பகுதி வெளியே போகும், எந்தப் பகுதி வெட்டுப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பிஎஃப்ஓவை மாற்றினால் மென்பொருள் இரண்டாவது ஆஸிலேட்டரையும் அதே அளவு நகர்த்திவிடுகிறது. அதனால் டயல் அசையாது. எதிர்முனைக் குரலின் சுருதி மாறாது, கனம் மட்டும் மாறும்.

பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கடிகாரம் சுருதி. பிஎஃப்ஓ சாரீரத்தின் கனம். சுருதி விலகிய குரல் கார்ட்டூன் வாத்து பேசுவது போலவோ, உறுமல் போலவோ கேட்கும். கனம் விலகிய குரல் பழைய தொலைபேசி போல மெலிந்தோ, கம்பளிக்குள் இருந்து பேசுவது போல மந்தமாகவோ கேட்கும். நெட்டில் ஒருவர் உங்கள் ஒலியைக் குறை சொன்னால், இந்த இரண்டில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

2. ஏன் கடிகாரம்தான் முதலில்

பிஎஃப்ஓவும் அதே 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்துதான் பிறக்கிறது. ஃபில்டரோ தனிக் கிரிஸ்டல்களால் ஆனது, அது நகராது. கடிகாரத்தை 10 பிபிஎம் திருத்தினால் 12 மெகாஹெர்ட்ஸில் பிஎஃப்ஓ 120 ஹெர்ட்ஸ் இடம்பெயர்கிறது. முதலில் பிஎஃப்ஓவை அருமையாக அமைத்துவிட்டு அப்புறம் கடிகாரத்தைத் தொட்டால், அருமை போய்விடும்.

கடிகாரத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பிஎஃப்ஓவை மறுபடி பார்க்க வேண்டும். பிஎஃப்ஓவைத் தொட்டால் கடிகாரத்தைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

உரிமம் முதலில். கேட்டுச் சரிசெய்வதற்கு எதையும் ஒலிபரப்ப வேண்டியதில்லை. ஆனால் கடைசிச் சோதனைக்கு ஒலிபரப்ப வேண்டும், அதற்கு உங்கள் கால்சைன் (உரிமத்தோடு தரப்படும் அழைப்புக்குறி) வந்திருக்க வேண்டும்.

50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) ஒன்று, 10 வாட்டுக்கு மேல் தாங்குவது. கேட்கும் வேலைக்கு இது எதற்கு என்று நினைக்கலாம். இந்த ரிக்கின் சில மென்பொருள் பதிப்புகளில் அளவுத்திருத்த மெனுவைத் திறந்தவுடனேயே ரிக் கேரியரை (குரல் ஏதும் ஏறாத வெறும் அலையை) வெளியே அனுப்பத் தொடங்கிவிடும். ஆன்டெனா மாட்டியிருந்தால் அது வானத்துக்குப் போகும். ஒன்றும் மாட்டாமல் விட்டால், ஒலிபரப்பின் கடைசி நிலையில் இருக்கும் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் அடிவாங்கலாம். மெனுவுக்குள் போகும் முன் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப் உள்ள கைப்பேசி. ஆண்ட்ராய்டில் ஸ்பெக்ட்ராய்டு போதும். அமைப்புகளில் எஃப்எஃப்டி அளவை ஏற்றி வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரியில் 8192 என்று இருந்தால் ஒரு படி ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸ். 32768 ஆக்கினால் ஒன்றரை ஹெர்ட்ஸாகிவிடும்.

நிலையான 12 வோல்ட் மின்சாரம், ஒரு நோட்டு, ஒரு பேனா.

ஃப்ரீக்வென்சி கவுண்டர் வேண்டுமே என்று பலர் கேட்கிறார்கள். மலிவான கவுண்டருக்குள் இருப்பதும் உங்கள் ரிக்கில் இருப்பது போன்ற சாதாரணக் கிரிஸ்டல்தான். கோணல் அளவுகோலை இன்னொரு கோணல் அளவுகோலால் நேராக்க முடியாது. கவுண்டர் இருந்தால் கடைசிச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. தொடுமுன் எழுதி வையுங்கள்

மெனுவில் இப்போது இருக்கும் இரண்டு எண்களையும், அதாவது கடிகாரத் திருத்தத்தையும் பிஎஃப்ஓவையும், தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். ரிக்கை ஆன் செய்யும்போது அது திரையில் வரும்.

இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், பாதிப் பேர் எழுதுவதில்லை. எண் தொலைந்தபின் பிஎஃப்ஓ எங்கேயோ போய், ஃபில்டருக்கு முற்றிலும் வெளியே உட்கார்ந்து, ரிசீவரே செத்துவிட்டது போல ஆகிவிடுகிறது. பலகை கெட்டுவிட்டது என்று ஒரு நண்பர் என்னிடம் கொண்டுவந்தார். கெட்டது எதுவும் இல்லை, ஓர் எண் மட்டும்தான் தவறு.

புது மென்பொருள் ஏற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் அதை ஏற்றுங்கள், அப்புறம் இந்த வேலையைத் தொடங்குங்கள். நினைவகத்தில் பழைய மென்பொருள் எழுதிய எண்ணைப் புதியது வேறு இடத்தில் தேடலாம், வேறு பொருளில் படிக்கலாம்.

5. பெட்டியை மூடி அரை மணி நேரம் விடுங்கள்

கிரிஸ்டல் வெப்பத்தோடு நகரும். ரிக்கின் கட்டுப்பாட்டுப் பலகையான ராடுயினோவில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது. மிச்ச 7 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போக வேண்டும். அந்த வெப்பம் மெல்ல அதே பலகையில் உள்ள கிரிஸ்டலை வந்தடைகிறது. ஆன் செய்த பத்தாம் நிமிடத்தில் அளந்த பிழையும் நாற்பதாம் நிமிடத்தில் அளந்ததும் ஒன்றாக இருக்காது.

அதனால் நீங்கள் வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அதே நிலையில் வையுங்கள். மூடி போட்டு ஓட்டுவீர்கள் என்றால் மூடி போட்டே அளக்க வேண்டும். மின்விசிறிக்கு அடியில் திறந்த பெட்டியாக வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு மூடியைத் திருகி, "மறுபடி நகர்ந்துவிட்டது" என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சூடேறியதா என்று அறிய ஒரே ஒரு சோதனை. ஏதாவது நிலையான கேரியரைப் பிடித்து ஆப்பில் அதன் கோட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று ஹெர்ட்ஸுக்கு மேல் நகராமல் நின்றால் தொடங்கலாம்.

6. நம்பக்கூடிய அளவுகோல்

நெட்டில் பேசும் யாருடைய குரலையும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். நேரமும் அலைவரிசையும் சொல்வதற்காகவே அணுக் கடிகாரத்தோடு ஓடும் நிலையங்கள் இருக்கின்றன.

நம் பக்கம் எளிதாகக் கிடைப்பது சீனாவின் பிபிஎம் (BPM) நிலையம். பிழையை அளக்கும் பிபிஎம் (ppm) வேறு, இது வேறு. 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு நொடி டிக் சத்தத்தோடு வரும். பகலில் 15 ஐயும், மாலை இருட்டியபின் 10 ஐயும் முயன்று பாருங்கள். ஹவாய்த் தீவின் டபிள்யூடபிள்யூவிஎச் அதே 10 இல் பின்னால் மெல்லக் கேட்டாலும் கவலை வேண்டாம். இரண்டும் துல்லியமானவை, கேரியர் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

மாஸ்கோவின் ஆர்டபிள்யூஎம் 4.996, 9.996, 14.996 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்திலும், அப்புறம் 30 ஆம் நிமிடத்திலிருந்தும், ஏழு நிமிடத்துக்கு மேல் வெறும் கேரியரை மட்டும் அனுப்பும். அளப்பதற்கு அதைவிடச் சுகமான சிக்னல் கிடையாது. ஆனால் 14.996 என்பதை 15.000 என்று நினைத்துவிட்டால் 4 கிலோஹெர்ட்ஸ் பிழை என்று கணக்கு வரும். எந்த நிலையத்தைக் கேட்கிறோம் என்பதை உறுதிசெய்துகொண்டு மேலே போங்கள்.

கூடுமானவரை 15 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிழை விகிதமாக வளர்கிறது என்று சொன்னேன் அல்லவா, மேலே போகப் போக அதே விகிதப் பிழை அதிக ஹெர்ட்ஸாகத் தெரியும், அளப்பது எளிதாகும். விடியும் வேளையும் அந்தி வேளையும் வேண்டாம். அப்போது அயனி மண்டலம் ஏறி இறங்குவதால் சிக்னலே ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்கு ஆடும்.

7. டயலை நிறுத்தும் இடம்

பெரும்பாலானவர்கள் டயலை 15.000 இல் வைத்து, ஜீரோ பீட், அதாவது ஒலி தாழ்ந்து பூஜ்யமாகும் இடம், வரும்வரை காதால் தேடுகிறார்கள். யூபிட்எக்ஸில் இது சரிவராது. எஸ்எஸ்பிக்கான, அதாவது ஒற்றை சைடுபேண்டில் பேசுவதற்கான, அந்தக் கிரிஸ்டல் ஃபில்டர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுகிறது. சுருதி தாழ்ந்து தாழ்ந்து 200 இல் மறைந்துவிடும். அந்த மௌனத்தை ஜீரோ பீட் என்று நினைத்தால் அங்கேயே 200 ஹெர்ட்ஸ் பிழை உள்ளே வந்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நில்லுங்கள். யூஎஸ்பி மோடு (டயல் எண்ணுக்கு மேலே உள்ள சைடுபேண்டைக் கேட்பது), டயல் 14.999.0. ரிக் சரியாக இருந்தால் பிபிஎம் நிலையத்தின் கேரியர் 1000 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்க வேண்டும். அது காதுக்கு வசதியான இடம், ஃபில்டருக்கும் நடுப்பகுதி.

நிறுத்துவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆர்ஐடி (கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்துவது) ஆஃபில் இருக்கிறதா? ஸ்பிளிட் (ஓர் அலைவரிசையில் கேட்டு இன்னொன்றில் அனுப்புவது) ஆஃபில் இருக்கிறதா? மோடு உண்மையிலேயே யூஎஸ்பிதானா?

இன்னொரு மறைவான பள்ளமும் உண்டு. மூல மென்பொருளின் திரை 100 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும், குமிழோ 50 ஹெர்ட்ஸ் படியில் நகரும். ஆக 14.999.0 என்று திரை சொல்லும்போது உள்ளே 14.999.050 ஆகவும் இருக்கலாம். 14.998.9 க்கு இறங்கி, மெதுவாக ஒவ்வொரு படியாக ஏறுங்கள். கடைசி இலக்கம் 0 ஆக மாறிய அந்தக் கணத்திலேயே கையை எடுங்கள். அதுதான் உண்மையான 14.999.000.

8. பிழையை அளத்தல்

கைப்பேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆப்பில் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையான கோடு தெரியும். ஒரு நிமிடம் பார்த்து, அது அதிகம் தங்கும் எண்ணை எழுதுங்கள். நொடித் துடிப்புகளின் சிதறல் இரு பக்கமும் தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கைப்பேசியின் கடிகாரமும் பிசகாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம். 50 பிபிஎம் பிசகினாலும் 1000 ஹெர்ட்ஸில் அது 0.05 ஹெர்ட்ஸ்தான். நாம் 15 மெகாஹெர்ட்ஸை அளக்கவில்லை, ஆயிரம் ஹெர்ட்ஸை மட்டும் அளக்கிறோம். இந்த முறையின் பலம் அதில்தான் இருக்கிறது.

இப்போது எல்எஸ்பிக்கு (டயல் எண்ணுக்குக் கீழே உள்ள சைடுபேண்டுக்கு) மாறி, டயலை 15.001.0 இல் வைத்து மறுபடி அளங்கள். யூஎஸ்பியில் 1150 வந்திருந்தால் எல்எஸ்பியில் 850 வர வேண்டும். இரண்டையும் கூட்டினால் 2000. கூட்டல் 2000 ஐ ஒட்டி வரவில்லை என்றால் அளவில் எங்கோ தவறு: மறைந்திருக்கும் 50 ஹெர்ட்ஸ், ஆஃப் செய்யாத ஆர்ஐடி, அல்லது இரண்டு அளவுகளுக்கு இடையே ரிக் நகர்ந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்தக் கூட்டல் சோதனையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பாதி நேரம் பிழை ரிக்கில் இல்லை, அளந்த விதத்தில் இருக்கிறது.

9. ஹெர்ட்ஸை எண்ணாக மாற்றுவது

யூஎஸ்பியில் 1150 என்றால் உங்கள் ரிக் உண்மையில் 14.998.850 இல் நிற்கிறது. டயல் சொல்வதைவிட 150 ஹெர்ட்ஸ் கீழே. 150 ஐ 15 ஆல் வகுத்தால் 10 பிபிஎம்.

மூல மென்பொருளில் சிப்பின் உள் ஆஸிலேட்டர் 25 இன் 35 மடங்கு, அதாவது 875 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். மெனுவில் உள்ள திருத்த எண் அந்த 875 மெகாஹெர்ட்ஸோடு கூட்டப்படும் ஹெர்ட்ஸ். ஆக ஒரு பிபிஎம் என்பது 875. பத்து பிபிஎம் என்பது 8750.

ரிக் கீழே நின்றால் இருக்கும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். மேலே நின்றால் கூட்ட வேண்டும். ஏற்கெனவே 5000 இருந்தால் புதிய எண் 5000 − 8750 = −3750. வெறும் −8750 ஐப் பதிவு செய்பவர்கள் நிறைய. அளந்தது பழைய திருத்தத்துக்குப் பிறகும் மிஞ்சிய பிழை, அதனால் பழைய எண்ணோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வேறு ஒருவர் மாற்றி எழுதிய மென்பொருள் என்றால் அலகும் குறியும் மாறியிருக்கக்கூடும். அப்போது எண்ணைச் சிறிது ஏற்றிப் பதிந்து, வெளியே வந்து மறுபடி அளங்கள். யூஎஸ்பி ஒலி எந்தப் பக்கம், எத்தனை ஹெர்ட்ஸ் நகர்ந்தது என்று பார்த்தால் விகிதம் கையில் வந்துவிடும். மூல மென்பொருளில் எண் ஏறினால் யூஎஸ்பி ஒலியின் சுருதியும் ஏறும்.

10. பதிவதும் திரும்ப அளப்பதும்

ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை மாட்டுங்கள். மெனுவில் திருத்தப் பகுதிக்குப் போய் எண்ணைக் கொண்டுவாருங்கள். பதிவதற்கு பிடிடியை (பேசும்போது அழுத்தும் மைக் பட்டனை) அழுத்த வேண்டுமா, குமிழை அழுத்த வேண்டுமா என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். திரையின் இரண்டாவது வரி அதைச் சொல்லும், அதை வாசித்துவிட்டு அழுத்துங்கள். எண்ணைச் சரியாகக் கொண்டுவந்து, பதியாமலே வெளியேறிவிட்டு, "ஒன்றும் மாறவில்லை" என்று இரண்டு மணி நேரம் தவித்தவர்கள் உண்டு.

பதிந்தபின் ரிக்கை ஒருமுறை அணைத்துப் போட்டு, எண் நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டெனாவை மாட்டி, மறுபடி சூடேறவிட்டு, 14.999 யூஎஸ்பியில் அளங்கள். 990 க்கும் 1010 க்கும் நடுவே வந்தால் பேச்சுக்குப் போதும். விஸ்பர் போன்றவற்றுக்கு இன்னும் ஒரு சுற்று செய்து 5 ஹெர்ட்ஸுக்குள் கொண்டுவாருங்கள்.

பிறகு 10 மெகாஹெர்ட்ஸிலோ 5 இலோ சரிபாருங்கள். கடிகாரம் ஒன்றுதான் என்பதால் அங்கேயும் தானாகச் சரியாக இருக்க வேண்டும். 15 இல் சரியாக இருந்து 10 இல் 50 ஹெர்ட்ஸ் தவறினால், டயலில் மறைந்த அந்த 50 ஐ மறுபடி சந்தேகப்படுங்கள்.

11. இப்போது பிஎஃப்ஓ

பலர் இதை யாரோ ஒருவரின் குரலைக் கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். அவருடைய மைக்கும் அவருடைய ஃபில்டரும் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த ஒரே தூய ஒலி அதே பிபிஎம் நிலையத்தின் கேரியர்தான்.

யூஎஸ்பியில் 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி டயலை மெல்ல மேலே கொண்டுபோங்கள். ஒலி 700, 500, 400 என்று தாழ்ந்து வரும். 300 வரை நன்றாகக் கேட்க வேண்டும், 200 இல் தெளிவாக மங்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போனதும் மௌனம் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தில் ஒலி மீண்டும் பிறந்து 200, 300 என்று ஏறிக் கேட்டால் பிஎஃப்ஓ ஃபில்டருக்குள் அதிகம் நுழைந்துவிட்டது என்று பொருள். ஒலிபரப்பும்போது உங்கள் கேரியரும் எதிர்ப்பக்க சைடுபேண்டும் கசியும், பக்கத்தில் பேசுபவர்களுக்குத் தொல்லை. பிஎஃப்ஓவைக் குறையுங்கள். மாறாக 500 க்குக் கீழேயே ஒலி மறைந்துவிட்டால் பிஎஃப்ஓ அதிகம் விலகி நிற்கிறது, உங்கள் குரலின் அடிப்பகுதி வெட்டுப்படும். பிஎஃப்ஓவை ஏற்றுங்கள். ஒரு முறைக்கு 50 ஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம்.

ஏற்றுவதும் குறைப்பதும் இப்படி இருப்பதற்குக் காரணம், இந்த ரிக்கில் பிஎஃப்ஓ ஃபில்டரின் கீழ் விளிம்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பது. யூஎஸ்பிக்கும் எல்எஸ்பிக்கும் பிஎஃப்ஓ ஒன்றே. பக்கத்தை மாற்றுவது இரண்டாவது ஆஸிலேட்டர். அதனால் யூஎஸ்பியில் சரிசெய்தால் எல்எஸ்பியும் சரியாகிவிடும். ஆளில்லாத இடத்தில் வெறும் இரைச்சலைக் கேட்டு இரண்டு மோடையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இரைச்சலின் நிறம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறாக இருந்தால் கோளாறு மெனுவில் இல்லை, பலகையில்.

கைப்பேசி மைக்கை இங்கே நம்ப வேண்டாம். 300 க்குக் கீழே சிறிய ஸ்பீக்கரும் சிறிய மைக்கும் தாங்களே ஒலியைக் குறைத்துவிடும். நல்ல ஹெட்போன் போட்டுக் காதால் கேளுங்கள்.

12. ஒலிபரப்பிப் பார்ப்பது

டம்மி லோடு மாட்டியபடியே 7.150 எல்எஸ்பியில் நின்று, இன்னொரு கைப்பேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியை மைக்கில் விட்டு பிடிடியை அழுத்துங்கள். வெளியே போவது 7.149.000 ஆக இருக்க வேண்டும். கவுண்டர் வைத்திருந்தால் அதன் முனையில் சிறு கம்பிச் சுருளை மாட்டி டம்மி லோடுக்குப் பக்கத்தில் வையுங்கள். ரிக்கின் ஆன்டெனா சாக்கெட்டில் கவுண்டரை நேராகச் செருகினால் 10 வாட்டில் கவுண்டர் அன்றோடு முடிந்தது.

இந்தச் சோதனையை சிடபிள்யூ (மோர்ஸ்) கீயை அழுத்திச் செய்யாதீர்கள். சிடபிள்யூவில் மூல மென்பொருள் டயல் எண்ணில் ஒலிபரப்புவதில்லை, சைடுடோன் (மோர்ஸ் அனுப்பும்போது நம் காதில் கேட்கும் ஒலி) அளவுக்குத் தள்ளியே ஒலிபரப்பும். கேட்பவருக்குச் சரியான சுருதியில் விழ வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இதை அறியாத ஒருவர் கவுண்டரில் 800 ஹெர்ட்ஸ் கூடுதலாகப் பார்த்து, அதைக் கடிகாரத் திருத்தத்தில் கழித்துவிட்டார். அவருடைய சிடபிள்யூ சரியான எண்ணைக் காட்டியது, எஸ்எஸ்பி முழுவதும் கெட்டது.

அப்புறம் உண்மையான ஆன்டெனாவில், காலியான இடத்தில், கால்சைன் சொல்லிச் சிறிது பேசிப் பாருங்கள். ஜிபிஎஸ்ஸோடு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் கிவிஎஸ்டிஆர் ரிசீவர்கள் உலகெங்கும் இணையத்தில் திறந்திருக்கின்றன. உங்கள் சிக்னல் எட்டும் ஒன்றைத் திறந்து, அதன் டயலை உங்கள் டயலின் எண்ணிலேயே வைத்து, உங்கள் குரலை நீங்களே கேளுங்கள். இயல்பாகக் கேட்டால் வேலை முடிந்தது.

13. தொடக்கூடாதவை

பலகையில் சிறிய பிரீசெட்கள் (திருகித் திருத்தும் மின்தடைகள்) இருப்பதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அவற்றுக்கும் அலைவரிசைக்கும் சம்பந்தமில்லை. இரண்டு பிரீசெட் ஐஆர்எஃப்510 ஃபைனல்களின் பயஸ் (ஓய்வு மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது), ஒன்று டிரைவ் அளவு. பயஸைத் தெரியாமல் ஏற்றினால் டிரான்சிஸ்டர் சூடாகிப் புகைந்துவிடும்.

எஸ்ஐ5351 க்குப் பக்கத்தில் உள்ள கிரிஸ்டலைச் சூடாக்குவது, அதன்மேல் பசை ஊற்றுவது, கண்டென்சர் சேர்ப்பது எல்லாம் வேண்டாம். மென்பொருளில் ஓர் எண்ணால் முடிகிற வேலை அது. நகர்வு உண்மையிலேயே தொந்தரவாக இருந்தால் ரெகுலேட்டரைப் பலகையிலிருந்து தள்ளி, பெட்டியின் உலோகச் சுவரில் திருகி வையுங்கள். வெப்பம் வெளியே போகும், நகர்வும் குறையும்.

புதிய இரண்டு எண்களையும், தேதியையும், அளந்த நிலையத்தையும் சின்னக் காகிதத்தில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கோடையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை 14.999 இல் அளந்து அதன் கீழேயே எழுதி வாருங்கள். அறையின் வெப்பம் மாறும்போது உங்கள் கிரிஸ்டல் எந்தப் பக்கம் போகும், எவ்வளவு போகும் என்பது இரண்டு மூன்று வரிகளிலேயே தெரிந்துவிடும்.